மூன்றாம் பக்கத்தில் ஒரு கை

ஞாயிறு இரவு என் மேசைக்கு
இரண்டு குதிரைச் செய்திகள் வந்தன.
ஒன்று கிண்டியிலிருந்து, பதினான்கு படங்களோடு.
மற்றது எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து,
காவல் நிலையம் அனுப்பிய ஒரு பத்தி, ஒரு படம்.

முதலாவதற்கு மூன்றாம் பக்கம் முழுதும்.
தொப்பிகளுக்கு மட்டுமே தனிப் பெட்டி:
ஒன்றில் மயிலிறகு, ஒன்றில் வலை,
ஒன்றில் கண்ணாடித் திராட்சை.
ஜெயித்த குதிரையின் அப்பன் பேர்,
அப்பனுக்கு அப்பன் பேர்,
எந்தப் பண்ணையில் பிறந்தது,
காலையில் எத்தனை கேரட் தின்றது,
எல்லாம் இருந்தது.
யார் எவ்வளவு தோற்றார்கள் என்பது மட்டும் இல்லை.
‘உற்சாகம் கரைபுரண்டது’ என்று எழுதினேன்.
அந்த வாக்கியம் தானாக வரும்,
இருபத்திரண்டு வருடமாக வருகிறது.

ஒரு படம் பத்தியில் அடங்கவில்லை.
கோப்பையோடு உரிமையாளர், அவர் மனைவி, குதிரை,
கடிவாளம் பிடித்தபடி காக்கிச் சட்டையில் ஒருவர்.
“அந்த ஆள எடுத்துடுங்க” என்றார் பொறுப்பாசிரியர்.
எடுத்தேன்.
கையை எடுக்க முடியவில்லை;
எடுத்தால் குதிரையின் தாடை போய்விடும்.
நகமில்லாத கட்டைவிரல்.
இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

இரண்டாவதற்கு ஏழாம் பக்கத்தில்,
மூலம் பௌத்திரம் விளம்பரத்துக்கு மேலே
கையகல இடம்.
விடியற்காலை ஐந்தரைக்கு
ஒரு கிடாவுக்காக ஓடிய நான்கு வண்டிகள்.
இங்கே பந்தயத்துக்குச் சூதாட்டம் என்று பேர்.
கூடி நின்றவர்கள் கும்பல்,
சிரித்தால் அட்டகாசம்.
சாட்டையை வதை என்றேன்.
மூன்றாம் பக்கத்தில் அதே சாட்டை
ஜாக்கியின் சாதுரியம்.
‘கதிகலங்கிய வாகன ஓட்டிகள்’,
தலைப்பும் என்னுடையதுதான்.
யாரும் கலங்கியதாக அறிக்கையில் இல்லை.
துறைமுகம் போகிற கண்டெய்னர் லாரிக்காரர்கள்
ஹாரன் அடித்து உசுப்பிவிட்டார்களாம்,
பிறகு கேள்விப்பட்டேன்.
இட்லிக் கடை பெஞ்சு ஒன்று முறிந்தது உண்மை.
வண்டிக்காரர்கள் அங்கேயே காசு பிரித்துக் கொடுத்ததும் உண்மை.
அறிக்கையில் பெஞ்சு மட்டும் இருந்தது.

படத்தில் ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
‘போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்.’
அச்சுக்குப் போனது.
கொருக்குப்பேட்டை வீட்டுக்கு வந்து தூங்கினேன்.
நல்ல தூக்கம், பொய் சொல்லக்கூடாது.

செவ்வாய் எனக்கு விடுமுறை.
சாயங்காலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.
ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு குதிரை வண்டி,
சிமெண்ட் மூட்டை ஏற்றி.
“பேப்பர்காரு தானே நீ?
மீனாம்பாள் நகரு, மாடி வூடு?”
சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் இரண்டு.
பிரித்துக் காட்டிய கட்டைவிரலில்
நகம் இல்லை.

தேசப்பன்.
விடியலில் எண்ணூர் சாலை, பத்து மணிக்குக் கிண்டி லாயம்.
போலீஸ் தேடிய மத்தியானம் முழுக்க
கோப்பை மேடைக்கு மூன்றடி தள்ளி
ஊரறிய நின்றிருக்கிறார்.
திங்கட்கிழமை அவராகவே ஸ்டேஷனுக்குப் போய்
ஜாமீனில் வந்திருக்கிறார்.
கிண்டியில் வேலை போய்விட்டது.
ஏழாம் பக்கத்தை அங்கேயும் படிக்கிறார்கள்.

“மூணாம் பக்கத்துல கைய போட்ட,
ஏழாம் பக்கத்துல தலய போட்ட.
நடுவுல இருந்தத எங்க சார் வச்ச?”

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.
வாய்க்கு வந்தது இதுதான்:
“இந்தக் குதிரைக்குப் பேர் என்ன?”

தண்டவாளம் அதிர ஆரம்பித்தது.
குதிரையின் காது இரண்டும் முன்னால் திரும்பின,
முன்னங்கால் ஒன்று தரையைச் சுரண்டியது.
ஜன்னல் வெளிச்சமாய் மெயில் ஓடி முடிகிற வரை
அவர் பேசவில்லை.

“அதான் இதும் பேரு. ஹவுரா.
அந்த வண்டி சத்தம் கேட்டா
இத்த நிறுத்த முடியாது.”
கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே சொன்னார்:
“எழுதிக்கோ.
அப்பன் பேரு தெரியாது.”

கேட் ஏறியது.
பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.
என்னிடம் பேனா இல்லை.